எச்சில் வேண்டாம் என்றவர்

அவர் தெருமுனையில் தலை காட்டினால் போதும், எங்கள் தெருவே இருமலை அடக்கிக்கொள்ளும். போலீஸ்காரரைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. திருவண்ணாமலையில் எங்கள் காலத்து ஆட்கள் வாயில் துண்டையும் முந்தானையையும் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, மூச்சைப் பிடித்து நின்றது இவர் ஒருவரைக் கண்டுதான். அவர் தெருவைக் கடந்ததும் பதினான்கு வீட்டிலும் ஒரே சமயத்தில் இருமல் வெடிக்கும். அவரும் தெருக்கோடியில் நின்று, திரும்பாமலே, தலையை ஒரு பக்கம் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற சதை கிடையாது. நாலு முழ வேட்டி, காக்கிச் சட்டை, தோளில் காடாத் துணிப் பை, மழையானாலும் வெயிலானாலும் கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. பைக்குள் மூடி போட்ட சின்னத் தகர டப்பாக்கள் இருக்கும். நடக்கும்போது அவை இடித்துக்கொள்ளும் சத்தம் அவருக்கு முன்னால் வந்து சேரும். ஆஸ்பத்திரியில் சயரோகம், அதாவது காசநோய், பார்க்கிற பிரிவில் அவருக்கு வேலை. இருமுகிறவர்களிடம் சளி வாங்கிக்கொண்டு போய், கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கிருமி உண்டா இல்லையா என்று டாக்டருக்கு எழுதிக் கொடுப்பார். ஊரில் அவருக்கு டப்பாக்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் என்ன என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் உயிரைக் கையில் வைத்திருந்த மனிதரின் பெயரைக் கேட்காமல் விட்டோமே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவருக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், எச்சில். டப்பாவைக் கொடுத்தால் யாரும் வாயில் ஊறியதைத் துப்பிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். அவர் மூடியைத் திறந்து, வெயிலுக்கு நேராகச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். முகம் சுருங்கும். "எச்சிலு" என்பார். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்தவள் சொல்கிறேன், பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளையைக்கூட நான் அவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை.

"எச்சிலு வாயில ஊறுது. எனக்கு வேண்டியது நெஞ்சுல கீது. காலையில எழுந்ததும் வெறுந்தண்ணியில வாயைக் கொப்புளிச்சிட்டு, மூச்சை நல்லா இழுத்து, அடியிலேர்ந்து கொண்டாங்க" என்று பாடம் நடத்துவார். நடத்திவிட்டுத் தானே ஒரு முறை இருமிக் காட்டுவார். அவருக்கு இருமல் கிடையாது. ஆனாலும் அந்த மாதிரி இருமலை நோயாளிகள்கூட இருமியதில்லை.

அரிசி மண்டி முதலாளி ஒருவருக்கு மாசக்கணக்காக இருமல். மூன்று முறை ஆள் சொல்லி அனுப்பியும் வரவில்லை. நாலாவது முறை அவருடைய கணக்கப்பிள்ளை வந்து பவ்யமாக நின்றார். முதலாளிக்கு நேரம் இல்லையாம், அவருக்குப் பதிலாகத் தானே இருமிவிடுகிறேன் என்றார். டப்பாக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டால் அதையும் நீங்களே போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டார். கணக்கப்பிள்ளை சிறிது நேரம் யோசித்து, அதை முதலாளியைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாராம்.

பெரிய கோயிலில் வயதான குருக்கள் ஒருவருக்கு அர்ச்சனை பாதியில் நின்றுபோகும் அளவுக்கு இருமல் வந்தது. சளி கொடுக்கச் சம்மதித்தார், ஆனால் எத்தனையோ பேர் வாயருகே போய் வந்த டப்பாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் கொதிக்க வைத்துத்தான் தருகிறோம் என்று சொல்லியும் பயனில்லை. மறுநாள் வீட்டிலிருந்து வெள்ளியில் ஒரு சந்தனக் கிண்ணம் கொண்டுவந்து, கோபுர வாசலுக்கு வெளியே நின்று, கையை நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொடுத்தார். இவர் வழக்கம்போல வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"வெள்ளிக் கிண்ணத்துல வந்தாலும் எச்சிலு எச்சிலுதாங்க, சாமி."

குருக்கள் மூன்று நாள் வந்தார். நாலாம் நாள்தான் உள்ளேயிருந்து வந்தது. கிருமி ஒன்றும் இல்லை, ஆயுசு முழுக்கக் கர்ப்பூரப் புகையை விழுங்கியதன் பலன். அதற்குப் பிறகு கிண்ணத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் எடுத்துப் போக முடியாது, வெள்ளியைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. கடைசியில் அதை இவரிடமே விட்டுவிட்டார். அன்றிலிருந்து டப்பாக்காரரின் கார்பாலிக் சோப்பு ஆஸ்பத்திரிக் குழாயடியில் வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தது.

திருவிழா நாட்களில் அவர் கிரிவலப் பாதைக்குப் போய்விடுவார். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவார். மலையைச் சுற்றி மூச்சு வாங்க வருகிறவர்களுக்கு இருமல் இருந்தால் தானாக வெளியே வரும் என்பது அவர் எண்ணம். ஒரு மத்தியானம் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வந்த வயசான அம்மா, பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் கையை ஏந்தினாள். நடந்துவந்த களைப்பில் அவளுக்கு லேசாக இருமல் வந்தது. விடுவாரா இவர்? ஒரு டப்பாவை அவள் கையில் வைத்து, "தக்கண்டி, தக்கண்டி" என்றார். தெலுங்கில் இருமுங்கள் என்று அர்த்தம். அந்த அம்மா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இருமினாள். பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். இந்த இடத்தில் இருமிவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும் போலிருக்கிறது என்று முப்பது பேரும் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக மலையைக் கும்பிட்டு, இருமிவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் குழந்தையின் முதுகைத் தட்டி இருமவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். முப்பது பேரிடமும் கிடைத்தது எச்சில்தான் என்று அன்று சாயங்காலம் அவர் எங்கள் அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

இருமலுக்காக யார் வீட்டு வாசலுக்கும் அவர் நேராகப் போக மாட்டார். டப்பாக்காரர் இன்னார் வீட்டு வாசலில் நின்றார் என்று தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கிணற்றில் தண்ணீர் இழுக்க விட மாட்டார்கள். அதனால் தெருவில் ஒரு வீட்டு இருமல் வேண்டுமென்றால் பதினான்கு வீட்டையும் இருமவைப்பார். சர்க்கார் உத்தரவு என்பார். எந்த உத்தரவு என்று யாரும் கேட்டதில்லை. யாருக்காகப் பதினான்கு வீடும் இருமியது என்பது அப்போதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இது தெரியாமல் நாங்கள் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சமா நஞ்சமா!

அவர் பார்க்காமல் இருமிய சளியை வாங்கிக்கொள்ள மாட்டார். மண்டிக்காரர் மாதிரி ஆட்கள் ஊரில் ஜாஸ்தி. ஆனால் பெண்கள் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆண் தெருவில் துப்புகிறான், பெண் விழுங்கிவிடுகிறாள் என்று அடிக்கடி சொல்வார். அன்னிய ஆம்பிளை எதிரில் எந்தப் பெண் காறித் துப்புவாள்? அதற்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். பெண்கள் இருக்கிற வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். குடையை விரித்துத் தோளில் சாய்த்துப் பின்பக்கம் முழுவதையும் மறைத்துக்கொள்வார். இவர்கள் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் இவர்களுக்குத் தெரியாது. அந்தக் குடைக்கு முன்னால்தான் எங்கள் வீட்டு மோசடி நடந்தது.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ராஜகோபுரத்துக்கு எதிரே தேங்காய், பழம், கர்ப்பூரம் வைத்து அர்ச்சனைத் தட்டு விற்றாள். அண்ணன் பள்ளிப் படிப்பு முடித்து நாலு வருஷம் மனுப் போட்டு, கடைசியில் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கொண்டுபோனால்தான் வேலை. அண்ணனுக்கோ ஓயாத இருமல். தேர்க் கொட்டகைக்குப் பின்னால் நின்று அவன் பீடி பிடிப்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வந்தது சாயங்காலம். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, இன்னா நிறம், செவசெவன்னு இருக்கிறாளே என்று மெச்சினாள். அந்த நிறம் சாயங்காலத்தில் மட்டும்தான் வருகிறது என்பதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. போன வருஷத்து ரவிக்கை எனக்குத் தொளதொளவென்று ஆனதைப் பார்த்து, கல்யாணக் களை வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். காலையில் கொஞ்சம் இருமுவேன். ஈரச் சவுக்குக் கட்டையில் அடுப்பு மூட்டுகிறவள் இருமாமல் என்ன செய்வாள்?

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று மூன்று பேரும் அம்மாவின் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் கூட்டம் முழுவதும் அரோகரா என்று முழங்கியது. எனக்கு நல்ல குரல், நானும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மூன்றாவது தடவை இருமல் வந்து குனிந்துவிட்டேன். பக்கத்தில் அண்ணனும் இருமிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால், ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, டப்பாக்காரர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, தலையைச் சாய்த்து எங்கள் பக்கம் நின்றிருந்தார். அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கடைக்குள் தள்ளினாள். உன்னைத்தான் பார்க்கிறான், வேலை போச்சு என்று அவன் தலையில் குட்டினாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, தலையைக் குனிந்து குட்டு வாங்கிக்கொண்டான்.

பயந்தபடியே பத்து நாளில் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பதினான்கு வீட்டுக்கும் சொல்லிவிட்டு எங்கள் வாசலில் நின்று, தம்பிக்கு எப்படியும் சர்டிபிகேட் வேண்டுமே, நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அன்று முழுவதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்த வீட்லயே நீதான் கல்லு மாதிரி கீற. உன்னுதைக் குடுத்துடு. அவன் வாசப்படியில நின்னு இருமட்டும், நீ கதவுக்குப் பின்னால துப்பு. குடைதான் மறைச்சிக்குதே."

"எச்சில்னு சொல்லிட்டா?"

"காலையில நீ கூடத்தான் இருமுற. அதைக் கொண்டா. உங்க அண்ணன் வேலை போயிடுச்சின்னா மூணு பேரும் தேங்கா உடைச்சிக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்."

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அண்ணனுக்காகப் பெரிய தியாகம் செய்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அவர் வந்தார். நானும் அம்மாவும் உள்ளே இருப்பது தெரிந்ததும் டப்பாவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக் குடையை விரித்தார். அண்ணன் டப்பாவைக் கதவிடுக்கில் என்னிடம் தள்ளிவிட்டு இருமத் தொடங்கினான். அது என்ன இருமல்! தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் இருமினால் அப்படித்தான் இருமுவார். நான் மூச்சை இழுத்து, அவர் சொல்லிக் கொடுத்த பாடப்படி அடியிலிருந்து கொண்டுவந்தேன். டப்பா மறுபடி இடுக்கு வழியாக வெளியே போனது. அவர் திரும்பி, மூடியைத் திறந்து, வெயிலில் சாய்த்தார். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

"நல்ல சளி" என்றார்.

அவர் வாயால் இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் ஊரில் ரொம்பக் கம்மி. குருக்களுக்கே நாலு நாள் ஆயிற்று. எனக்கு முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. அம்மா கதவுக்குப் பின்னால் வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். டிரெயினிங்கில் முதலாவதாகத் தேறியபோதுகூட அவள் அப்படிச் செய்யவில்லை.

நாலு நாள் கழித்து அவர் வந்தார். வழக்கம்போலப் பதினான்கு வீட்டு வாசலிலும் நின்றுவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார். யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனிதர். அம்மா சொம்பைத் துலக்கிக் கொண்டுவந்தாள். அவர் உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, தண்ணீரைக் குடித்து முடித்துத்தான் பேசினார்.

"தம்பிக்கு ஒண்ணுமில்லம்மா. வேலையில சேரலாம். பீடியை விட்டா இருமலும் போயிடும்."

அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய வாழ்நாளில் வேலை கிடைத்த செய்தியும் பீடி பிடிபட்ட செய்தியும் ஒரே மூச்சில் வந்தது அன்றுதான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார்.

"பாப்பாவுக்குத்தான் ஊசி போடணும்."

"அவளுக்கு இன்னாத்துக்கு? அவ ஒண்ணும் குடுக்கலியே."

"குடுத்தாங்க. இருமினது வாசப்படியில, துப்பினது கதவுக்குப் பின்னால. கண்ணு குடைக்கு அந்தப் பக்கம் இருந்திச்சு, காதை எங்க வெக்கிறது?"

அண்ணனுடைய சளியை அவர் எங்கள் வீட்டில் டப்பா வாங்கிய அதே நாள் தேர்க் கொட்டகைக்குப் பின்னால், கையில் பீடியோடு அவனைப் பிடித்துத் தனியாக வாங்கியிருந்தார். பீடி வெளியே வந்துவிடுமே என்று அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. தன் சளியில் என்ன தெரியப்போகிறதோ என்று நாலு நாளும் சோறு இறங்காமல் கிடந்தான். நாங்கள் அதை வேலையில் சேரப்போகிற பரபரப்பு என்று நினைத்தோம்.

தீபத்தன்றே என் இருமலைக் கேட்டுவிட்டதாக அவர் சொன்னார். அரோகராவுக்கு நடுவில் அது மட்டும் வேறு மாதிரி கேட்டதாம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணின் சளியைக் கொடுங்கள் என்று நேராக வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தடவை பதினான்கு வீடும் இருமியது எனக்காகத்தான்.

எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா இதே நோயில் ஒரு வருஷம் திரைக்குப் பின்னால் கிடந்து போய்ச் சேர்ந்திருந்தாள். அவளுடைய பாயை எரித்த புகை நினைவுக்கு வந்தது. சாகப்போகிறோம் என்று நினைத்தேன். அந்தப் பயத்துக்கு நடுவிலும் சாயங்காலக் காய்ச்சலில் சிவந்து போளூர் அம்மாவின் மெச்சலை வாங்கிய கன்னத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது.

"இப்ப மருந்து வந்திருக்குதும்மா. வீட்லயே இருந்து, வாரத்துக்கு ரெண்டு ஊசி போட்டுக்கிட்டு, மாத்திரையை ஒரு வேளை விடாம ஒண்ணரை வருசம் சாப்பிட்டா போயிடும்" என்றார் அவர். அம்மாவின் கவலை வேறு. ஒன்றரை வருஷம் வாரத்துக்கு இரண்டு நாள் பெண் எங்கே போகிறாள் என்று ஊர் கேட்டால் என்ன சொல்வது?

"வேண்டுதல்னு சொல்லுங்க. இந்த ஊர்ல அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்."

அவர் சொன்னபடியே செய்தோம். செவ்வாயும் வெள்ளியும் காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் பூக்கூடையோடு புறப்பட்டு, ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஊசி போட்டுக்கொண்டு, கோயிலையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். தனிப் பாய், தனித் தட்டு, மத்தியானம் படுக்கை, பேச்சுக் குறைவு, எல்லாமே விரதத்தில் அடங்கிவிட்டன. தெருப் பெண்கள் என்னைக் கண்டால் வழிவிட ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் விபூதிகூடக் கேட்டார்கள். போளூர்க்காரர்கள்தான் பயந்துவிட்டார்கள். பெண் சாமியாராகிவிடுவாள் போலிருக்கிறது, பக்தி ஜாஸ்தியான பெண் குடித்தனத்துக்கு ஆகாது என்று சொல்லியனுப்பி, பேச்சை முறித்துக்கொண்டார்கள். அம்மா இரண்டு நாள் அழுதாள். நான் அரை நாள் அழுதேன்.

ஊசியைவிட மாத்திரைதான் கொடுமை. நாக்கில் பட்டாலே குமட்டும், பெரிது பெரிதாக ஒரு கைப்பிடி. ஆரம்பத்தில் நாலைந்தை முருங்கை மரத்தடியில் போட்டேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் காலையில் அம்மாவிடம் தேங்காய் கேட்க வருகிற மாதிரி வீட்டுக்கு வந்து, திரும்பி நின்று, குடையை விரித்துக்கொள்வார். நான் விழுங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் குடை மடங்காது.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. எல்லாப் பெண்களையும் விழுங்காதே விழுங்காதே என்கிறீர்கள், என்னை மட்டும் விழுங்கு விழுங்கு என்கிறீர்களே என்றேன். எச்சில் மேல் உங்களுக்கு அப்படி என்ன விரோதம் என்றும் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் குடையை மடக்காமலே பதில் சொன்னார்.

"எங்க வீட்ல இருந்தவளுக்கு மூணு தரம் டப்பா குடுத்தேன். மூணு தரமும் எச்சிலு. மாமியா வீடு, வெக்கப்பட்டுக்கிட்டு விழுங்கிட்டா. நானும் கண்ணாடியில பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு என் கையாலயே எழுதிட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு மாத்திரையைக்கூட நான் மரத்தடியில் போடவில்லை.

மாதம் ஒரு முறை சளி வாங்கிப் பார்ப்பார். முதலில் கிருமி குறைந்தது, பிறகு இல்லாமல் போனது. ஒன்றரை வருஷம் முடிந்ததும் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, குணமாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றார். வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை காத்திருந்தது. டப்பாக்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் தெரியாதது எத்தனையோ இருக்கிறது, கடைசியாக மூன்று நாள் சளி வேண்டும் என்றார்.

முதல் நாள் எவ்வளவு முயன்றும் ஒன்றும் வரவில்லை. வாயில் ஊறியதைத்தான் கொடுக்க முடிந்தது. அவர் பார்த்துவிட்டு, "எச்சிலு" என்று மூடிக் கொண்டுபோனார். முகம் கறுத்திருந்தது. இரண்டாம் நாள் வாசலிலிருந்து தெருமுனை வரை என்னை வேகமாக நடக்கவிட்டு, அரோகரா என்று மூன்று முறை கத்தச் சொன்னார். தெருவே வெளியே வந்து, வேண்டுதல் முடிகிற நாள் என்று கும்பிட்டது. அன்றும் எச்சில்தான். விழுங்கிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். அன்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது அவர் எங்கள் தெருவில் வழி தவறி எதிர்ப்பக்கம் போனதை அண்ணன் பார்த்தான்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வந்துவிட்டார். குடையை விரித்துத் திரும்பி நின்றார். நான் வாயைக் கொப்புளித்து, மூச்சை இழுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து இருமினேன். வெறும் காற்று வந்தது. மறுபடி இருமினேன். அவர் தலை குடைக்கு மேலே ஒரு பக்கம் சாய்ந்தது தெரிந்தது. எத்தனை நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றார் என்று தெரியாது. கடைசியில் டப்பாவில் துப்பி மூடிக் கொடுத்தேன்.

மூடியைத் திறந்து வெயிலில் சாய்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"எச்சிலு" என்றார். குரல் வழக்கமாக இல்லை. "எச்சிலுதாம்மா. உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் எச்சிலு."

டப்பாவைப் பையில் வைக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் துப்ப வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. ஆனாலும் அவர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். குடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் மாதிரி ஏதோ சத்தம் வந்தது. அவருக்கு இருமல் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

நானும் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.